அணை தகர்த்த விமானி கை கிப்ஸன்

போர்க்களத்திற் பெறும் வெற்றியைப் பாடுதற்கு வாகைத்திணையை வகுத்த நம் முன்னோர், வாழ்வின் நிலையாமையை உணர்த்துதற்குக் காஞ்சித்திணையையும் வகுத்து வைத்தனர். வெற்றியை மாத்திரம் கண்டு மகிழ்வோர் போரின் ஒரு பாதியையே கண்டவராவர். இரண்டாவது உலகப் பெரும்போரிற் பிரித்தானிய விமானப்படையிற் பணிபுரிந்து, 26 ஆம் வயதில் மாண்ட கை பென்ரோஸ் கிப்ஸனின் வாழ்க்கை இவ்விரு திணைக்கும் ஒருங்கே எடுத்துக்காட்டாவது. 1955 இல் வெளிவந்த ஆங்கிலத் திரைப்படமொன்று அவர் பெயரை உலகெங்கும் பரப்பிற்று. ஆயினும் அப்படம் காட்டியது அணை தகர்த்த வெற்றியை. அதன் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றையும் நோக்கினாலன்றி அம்மனிதர் நமக்கு விளங்கார்.

கிப்ஸன் 1918 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 ஆந் தேதி இந்தியாவிலுள்ள சிம்லாவிற் பிறந்தார். தந்தையார் அந்நாட்டின் வனபரிபாலன சேவையில் அதிகாரியாயிருந்தவர். பெற்றோர் மனம் வேறுபட்டுப் பிரிந்தமையால், ஆறு வயதிலே தாயாருடன் இங்கிலாந்து சென்ற சிறுவன் விடுதிப் பள்ளிகளிலேயே வளர்ந்தான். புதிய விமானங்களைப் பறந்து சோதிக்கும் விமானியாதல் வேண்டுமென்பதே இளமையில் அவர் கொண்ட ஆசை. விக்கர்ஸ் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி சமர்ஸிடம் அவர் வழி கேட்டபோது, முதலில் விமானப்படையிற் சேர்ந்து பறக்கக் கற்குமாறு அறிவுரை கிடைத்தது. உயரங் குறைந்தவர் என்று படையினர் முதல் விண்ணப்பத்தைத் தள்ளினர். மீண்டும் முயன்று 1936 இற் சேர்ந்தார். போர் செய்தற்கென்று அவர் படை புகுந்தவரல்லர். தொழில் கற்கப் போனவரைப் போர் வந்து பற்றிக்கொண்டது.

1939 செப்ரெம்பர் 3 ஆந் தேதி போர் மூண்டது. அன்று மாலையே ஜேர்மன் போர்க்கப்பல்களைத் தேடிச் சென்ற விமானங்களுள் ஒன்றைக் கிப்ஸன் செலுத்தினார். காலநிலை கெட்டமையால் அன்று வாளா திரும்பினர். அதன்பின் ஓய்வென்பதை அவர் அறிந்திலர். குண்டுவீச்சு விமானத்தில் ஒரு தவணைச் சேவை முடித்தோர் இளைப்பாறுங் காலத்தில், இரவிற் பகை விமானங்களை வேட்டையாடும் பணியை ஏற்று 99 முறை பறந்தார். 1942 ஏப்ரிலில், 23 வயதில், 106 ஆம் விமான அணிக்குத் தலைவரானார். 1943 மார்ச்சில் அப்பதவியை விட்டு நீங்கியபோது அவர் செய்த போர்ப்பறப்புகள் 170ஐக் கடந்திருந்தன. சிறியவுருவும் கண்டிப்பான நாவும் உடையவர். தமக்குச் சமமான வீரர்பால் நகையும் நட்புமாயிருந்தவர். கீழ்நிலை ஊழியர்பாற் கடுமை காட்டியவர். ஆதலால் அவரை நேசித்தோரும் இருந்தனர், வெறுத்தோரும் இருந்தனர். எனினும், தாம் செல்ல அஞ்சும் இடத்திற்குப் பிறரை ஏவினாரென்று பகைத்தோருங் கூறியதில்லை.

அக்காலத்தில் ஜேர்மனியின் ஆயுத உற்பத்திக்கு நிலைக்களமாயிருந்தது றூர்ப் பள்ளத்தாக்கு. அதன் ஆலைகளுக்கு நீரும் மின்வலியும் உதவியவை மோனே முதலிய பேரணைகள். மேலிருந்து எறியும் குண்டு அணையின் தடித்த சுவரை உடைக்கமாட்டாது. நீருக்கடியிற் செலுத்துங் குண்டையோ உருக்கு வலைகள் தடுத்துவிடும். பார்ன்ஸ் வாலிஸ் என்னும் பொறியியலறிஞர் இதற்கோர் உபாயங் கண்டார். குளக்கரையிற் சிறுவர் ஓட்டாஞ்சல்லி எறிய அது நீர்மேல் தத்திச் செல்வதை யாவரும் அறிவோம். அவ்வாறே, பீப்பா வடிவான நான்கு தொன் குண்டொன்றைப் பின்னோக்கிச் சுழலவிட்டு நீர்ப்பரப்பின்மேல் விடுத்தால், அது வலைகளைத் தத்திக் கடந்து, சுவரிற் சார்ந்து, கீழிறங்கி, 30 அடி ஆழத்தில் வெடிக்கும். அணையின் பின்னுள்ள நீரே அவ்வெடியின் வலியைச் சுவர்மேல் தாங்கிக் கொடுக்கும். கிப்ஸனை வாலிஸிடம் அழைத்துச் சென்றவர், முன்பு அவருக்கு வழி கூறிய அந்தச் சமர்ஸ் என்பது வியத்தற்குரியது.

இத்தாக்குதலுக்கென்றே 617 ஆம் அணி 1943 மார்ச்சில் ஸ்கம்ப்டன் விமானத்தளத்தில் அமைக்கப்பட்டது. பயிற்சிக்குக் கிடைத்த காலம் இரண்டு மாதமுமில்லை. இலக்கு இன்னதென்று வீரர்க்குக் கூறப்படவில்லை. அறிந்த கிப்ஸன் அதனை நெஞ்சிலே சுமந்துகொண்டு அவர்களைப் பயிற்றினார். குண்டு விடும்போது விமானம் நீருக்கு 60 அடி உயரத்தில் நிற்றல் வேண்டும். இருளில் அவ்வுயரத்தை அளப்பதெங்ஙனம்? விமானத்தின் அடியில் இரு விளக்குகளைச் சாய்வாகப் பொருத்தினர். அவற்றின் ஒளிவட்டங்கள் நீர்மேல் ஒன்றையொன்று தொடும்போது உயரம் 60 அடியாகும். உயரம் காட்டிய அவ்விளக்கே பகைவனது பீரங்கிக்கு இலக்கையுங் காட்டும் என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர்.

மே 16 ஆந் தேதி இரவு 19 லங்காஸ்ரர் விமானங்கள் 133 வீரருடன் புறப்பட்டன. மோனே அணையை முதலிலே தாக்கியவர் கிப்ஸன். அவர் விட்ட குண்டு அணையை உடைத்திலது. அடுத்து வந்த ஹொப்குட் என்பவரின் விமானம் பீரங்கிச் சூடு பட்டு எரிந்து வீழ்ந்தது. மூன்றாமவர் செல்லும் முறை வந்தபோது கிப்ஸன் செய்த செயலே அவர் பெயரை நிலைநாட்டியது. தம் குண்டை விட்டு முடித்தவர், அகன்று நிற்பதற்கு உரிமையுடையவர், தோழனது விமானத்துக்குப் பக்கமாகத் தம் விமானத்தைச் செலுத்தி, பீரங்கிகளின் நோக்கைத் தம்பால் இழுத்தார். பின்வந்தோர்க்கும் அவ்வாறே காவலாய் நின்றார். ஐந்தாவது குண்டின்பின் அணை பிளந்தது. குண்டு எஞ்சிய மூன்று விமானங்களையும் அங்கிருந்து ஏடர் அணைக்கு நடத்திச் சென்றார். அவற்றுள் இறுதிக் குண்டு அதனையும் தகர்த்தது.

திரும்பியவை 11 விமானங்கள். 53 வீரர் மாண்டனர், மூவர் சிறைப்பட்டனர். வீழ்ந்த 56 பேரின் குடும்பங்களுக்குங் கடிதம் விடுப்பதே வெற்றிக்குப்பின் கிப்ஸனுக்கு வாய்த்த முதற்பணியாயிற்று. வாலிஸ் ஆறாத்துயருற்றார், பிற்காலத்தில் அரசாங்கம் அளித்த பரிசிலையும் மாண்ட விமானப்படையினரின் பிள்ளைகளது கல்விக்கே கொடுத்தார். அணைகளின் கீழே வெள்ளம் கொண்ட உயிர்கள் ஏறத்தாழ 1,300. அதனினும் மிகுதி என்பாரும் உளர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் பகைவருமல்லர். உக்கிரேன் முதலிய நாடுகளிலிருந்து பற்றிக் கொணரப்பட்டு, நேஹைம் என்னும் ஊரின் முகாமிற் பூட்டப்பட்டிருந்த தொழிலாளப் பெண்கள் பலர் அவருள் அடங்குவர். மோனே அணையையோ ஜேர்மனியர் அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே திருத்திக் கட்டிவிட்டனர். இத்தகைய பெருங்கொலைக்குக் காரணராயிருத்தல் தமக்கு உவப்பாயிருக்கவில்லையெனக் கிப்ஸனும் தம் நூலிற் குறித்துள்ளார்.

பிரித்தானியாவின் தலைசிறந்த வீரவிருதாகிய விக்ரோறியாச் சிலுவை அவருக்கு அளிக்கப்பட்டது. பிரதமர் சேர்ச்சில் அவரைத் தம்முடன் கனடாவுக்கு அழைத்துச் சென்றார். கனடாவிலும் அமெரிக்காவிலும் ஊர்தோறும் அவர் பேசினார். பின்பு அலுவலகத்திலிருந்து நூல் எழுதினார். கொன்சவேற்றிவ் கட்சியின் வேட்பாளராக 1944 மார்ச்சிலே தெரியப்பட்டு, சில மாதங்களில் விலகிக் கொண்டார். புகழ் அவரைத் தரையிலே கட்டி வைத்தது. தோழரெல்லாம் பறக்கத் தாம் மேசைமுன் இருத்தல் அவருக்குச் சிறையாயிற்று. போருக்கு அனுப்புமாறு மேலோரை இடைவிடாது வேண்டினார்.

1944 செப்ரெம்பர் 19 ஆந் தேதி இரவு, றைற், முன்சன்கிளாட்பாக் என்னும் ஜேர்மன் நகரங்களின்மேல் நிகழ்ந்த தாக்குதலை வானிலிருந்து நெறிப்படுத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. தமக்கு அதிகம் பழக்கமில்லாத மொஸ்கிற்றோ விமானத்தில், ஜிம் வோரிக் என்பவரை வழிகணிப்போராகக் கொண்டு சென்றார். பணி முடிந்தபின் ஏனையோரை வீடு திரும்பப் பணித்தார்; தாம் திரும்பினாரல்லர். ஒல்லாந்து நாட்டின் ஸ்ரீன்பேர்கன் ஊரருகே அவ்விமானம் வீழ்ந்து எரிந்தது. எரிபொருட் குறை என்றும், தம் படையினரே தவறிச் சுட்டனர் என்றும் பலர் பலவாறு கூறினர், எதுவும் நிறுவப்படவில்லை.

இருவரும் அவ்வூர்க் கத்தோலிக்க இடுகாட்டில் அடக்கஞ் செய்யப்பட்டனர். வோரிக்கை அவரணிந்த அடையாளத் தகட்டாலும், கிப்ஸனைக் காலுறையிலிருந்த சலவைக் குறியாலுமே அறிந்தனர் என்பர். உலகறிந்த பெயர் ஈற்றில் ஒரு காலுறையாலே அறியப்பட்டது! அவருடைய நூல் அவர் இறந்தபின் 1946 இல் வெளிவந்தது. ஸ்ரீன்பேர்கன் மக்கள் தம் தெருக்களுக்கு அவ்விருவர் பெயரையும் இட்டனர். கல்லிலே பெயரும் பீடும் எழுதி நடுதல் நம்மவர் மரபு. அவ்வொல்லாந்தர் தெருவிலே எழுதினர்.

கிப்ஸனின் வீரத்தைப் போற்றுதல் தகும். தோழனுக்கு வந்த குண்டைத் தன்பால் அழைத்தவனைப் போற்றாத மொழி யாதுளது? ஆயினும் போற்றுமிடத்தே, அன்றிரவு திரும்பாத 56 பேரையும், பூட்டிய முகாமில் வெள்ளத்தின் ஒலி கேட்ட பெண்களையும் உடன் நினைத்தல் வேண்டும். அவருக்குத் தெருவுமில்லை, பெயர் பொறித்த கல்லும் பலருக்கில்லை. வாகை சூடியவனைப் பாடிய நாவு அவரையும் ஒருகாற் சொல்லுமாயின், அதுவே போரை முழுதும் கண்டவர் சொல்லாகும்.