எந்திரம் போற்றிய ஜி.டி. நாயுடு

தாமிரவருணிக் கரையில் வாழும் நமக்குப் பழம்பொருள் என்றவுடன் ஆதிச்சநல்லூர்த் தாழியும் கொற்கைத் துறையும் மனக்கண்முன் தோன்றும். தமிழ் பயின்றோர்க்கு ஓலைச்சுவடியும் செப்பேடும் உடன் தோன்றும். ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓடிய மோட்டார் வண்டி ஒன்றை அவ்வரிசையில் வைத்து எண்ண நாம் இன்னும் பழகவில்லை. அது ஓடும்வரை வண்டி. ஓட்டம் நின்றால் இரும்பு. இரும்பானபின் அதற்கு எடையுண்டு, விலையுண்டு, வரலாறு இல்லை.

இவ்விடத்தில் ஒரு சொல்லை நினைவூட்டாமல் மேற்செல்ல இயலவில்லை. பழைய இரும்பு வாங்கும் கடையைத் தமிழகம் முழுவதும் காயலான் கடை என்றே வழங்குகின்றனர். இப்பெயர் காயல்பட்டினத்து வணிகரால் வந்தது என்பர். தாமிரவருணி கடலோடு கலக்கும் பகுதியை அடுத்த ஊர் காயல். உழைத்து வாணிகம் செய்த மக்களின் ஊர்ப்பெயர், பயனற்றவை போய்ச்சேரும் இடத்திற்குப் பெயராயிற்று. இதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை. பழைய பொருளின் மதிப்பை முதலில் அறிபவர் அதனை எடைபோட்டு வாங்குபவரே. ஆயினும், எதனை எடைபோட்டுக் கொடுப்பது, எதனைக் காத்து வைப்பது என்னும் வினா ஒன்று உண்டு. அவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையாலேயே விடை தந்தவர் கோவை ஜி.டி. நாயுடு. ஒரு முறை அதற்கு நேர்மாறான விடையையும் தந்தவர் அவரே.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23 ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடியில் தோன்றினார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை; தொடக்க வகுப்புகளிலேயே நின்றுவிட்டது. பிற்காலத்தில் ஒரு பொறியியற் கல்லூரிக்கே வித்திட்ட பெருமகனார் பள்ளியை விட்டு ஓடியவர் என்பதை ஆசிரியராகிய நாம் மாணவரிடம் சற்றுத் தயங்கியே சொல்லவேண்டியுள்ளது. ஓடியபின் அவர் வாளாவிருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுதல் நலம்.

அவருடைய வாழ்வை மாற்றியது ஒரு மோட்டார் சைக்கிள். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தம் ஊர்ப்பக்கம் ஓட்டிவந்த வண்டியைக் கண்ட இளைஞர் துரைசாமி அதன்பால் உள்ளத்தைப் பறிகொடுத்தார். இங்கிலாந்தின் கோவெண்ட்ரி நகரில் மிதிவண்டி செய்து பெயர்பெற்ற ரட்ஜ் நிறுவனம் அப்போதுதான் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியிருந்தது. அவர் கண்டது 1912 ஆம் ஆண்டின் ஆக்கம். அதனை எவ்வாறேனும் அடைந்துவிட வேண்டும் என்னும் வேட்கையால் கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் பணியில் அமர்ந்தார். ஏறத்தாழ மூன்றாண்டு இலை போட்டும் எச்சில் எடுத்தும் சேர்த்த பணத்தைக் கொண்டு அவ்வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் செய்த முதற்காரியந்தான் நாம் ஊன்றி நோக்கத்தக்கது. வண்டியில் ஏறி ஊரார் காண உலா வந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. அவர் அதனை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பும் எதனோடு இயைந்து எதனை இயக்குகிறது என்பதைக் கையால் தொட்டுக் கற்றார். மீண்டும் பூட்டி ஓட்டினார். இலக்கணம் கற்போர் ஒரு சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரித்துப் பின் புணர்த்திக் காண்பதைப் போன்றது இது. பகுபத உறுப்பிலக்கணத்தை வெறுக்கும் மாணவர்களுக்கு நாம் இவ்வுவமையைச் சொல்லுவதுண்டு. பயன் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

1920 ஆம் ஆண்டில், கோவையில் தொழில் வளர்த்த ஆங்கிலேயரான சர் இராபர்ட் ஸ்டேன்சு கடனுதவி செய்ய, ஒரு பேருந்தை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அவ்வொரு வண்டி பெருகி யூ.எம்.எஸ். எனப் பெயர்பெற்று, 1930களில் இருநூற்றுக்கு மேற்பட்ட வண்டிகளைக் கொண்ட பெரு நிறுவனமாயிற்று. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சேரும் வண்டிகள் என்ற நற்பெயர் அதற்கு இருந்தது.

இங்கு நெல்லைச் சீமையார் தலைநிமிர ஒரு செய்தியுண்டு. தமிழகத்தில் மோட்டார்ப் போக்குவரத்தை வளர்த்த மற்றொரு பெருமகனாரான டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877 ஆம் ஆண்டு பிறந்தது நம் மாவட்டத்துத் திருக்குறுங்குடியில். டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்தில் முதலெழுத்தாக நிற்பது அவ்வூரின் பெயரே. 1912 இல் மதுரையில் பேருந்து ஓட்டத் தொடங்கிய அவர், இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் அரிதாகவே, கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கி வண்டி ஓட்டும் கலன்களைத் தம் நிறுவனத்தில் செய்வித்தார். வண்டியின் பின்புறம் கொதிகலன் போன்றதொரு கலன் நிற்க, ஓட்டுநரின் உதவியாளர் கரியைக் கிளறிவிட்டு ஓட்டிய அந்தக் ‘கரி பஸ்’ஸில் ஏறியவர்கள் மேலப்பாளையத்திலும் பாளையங்கோட்டையிலும் அண்மைக்காலம் வரை இருந்தனர். அத்தகைய வண்டி ஒன்றையேனும் நாம் காத்து வைத்திருக்கிறோமா என்று கேட்டால் விடை சொல்வது கடினம். 1972 இல் டி.வி.எஸ். பேருந்துகள் நாட்டுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. பழைய வண்டிகள் எங்குச் சென்றிருக்கும் என்பதை முன்னரே சொல்லிவிட்டோம்.

நாயுடு அவர்களின் மற்றச் சாதனைகளை விரித்தால் மலர் முழுவதும் போதாது. 1937 இல் தே. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து இந்தியாவின் முதல் மின்னோடி உருவாகத் துணைநின்றார். மின்கலத்தால் இயங்கும் முகமழிக்கும் கருவி, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி, வாக்குப் பதியும் எந்திரம் எனப் பலவற்றை ஆக்கினார். 1945 இல் அவருடைய பெருங்கொடையால் எழுந்த ஆர்தர் ஹோப் தொழிற்கல்வி நிலையமே வளர்ந்து இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. கல்வியாண்டுகளைக் குறைத்துச் செய்முறையைக் கூட்டவேண்டும் என்ற அவர் கருத்தை அன்றைய அரசு ஏற்கவில்லை, அவரும் விலகிக்கொண்டார்.

நம் பொருளுக்கு நெருங்கியவை இரண்டு. ஒன்று, அவருடைய புகைப்படக் கலை. நாயுடு உலகம் சுற்றியவர். சென்ற இடமெல்லாம் கேமராவும் கையுமாகச் சென்றவர். 1936 ஆம் ஆண்டு இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் திரைப்படக் கருவியால் தாமே பதிவு செய்தார். காந்தியடிகள், நேரு, சுபாசு சந்திர போசு ஆகியோரையும் படம்பிடித்தார். பிறர் செய்த கேமராவைக் கொண்டு படம் எடுப்பதோடு அமையாமல், அதில் தொலைவைச் சரிசெய்யும் ஓர் உறுப்பையும் அவர் ஆக்கினார் என்பது அவர் இயல்பிற்கு ஒத்ததே. ரட்ஜ் வண்டியைக் கழற்றிய கை கேமராவை மட்டும் விட்டுவைக்குமா?

மற்றொன்று, அவர் கருதிய மலிவுக் கார். 1952 இல் இருவர் அமரத்தக்க ஒரு சிறு பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் தரமுடியும் என அவர் முன்வந்தார். அரசின் உரிமம் கிடைக்கவில்லை. கார் தெருவுக்கு வரவில்லை. அக்காலத்தில் கார் என்பது மிராசுதார், மருத்துவர், பெருவணிகர் ஆகியோர் வீட்டு வாயிலில் மட்டுமே நின்றது என்பதை எண்ணினால் இவ்விழப்பின் அளவு விளங்கும்.

இத்தகைய தடைகளும் வரிச்சுமையும் அவரை ஒரு கடுஞ்செயலுக்குத் தூண்டின. அரசின் கொள்கையைக் கண்டிக்கும் முகத்தான், தாம் உருவாக்கிய கருவிகளைக் கோவையில் மக்கள் முன்னிலையில் தாமே உடைத்தெறிந்தார். அறிவின் விளைச்சலை அறிவாளரே அழிக்கலாமா என்று அன்று பலரும் வருந்தினர். அவ்வருத்தத்தில் நமக்கும் பங்குண்டு. அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி மெய்யாயினும், உடைந்த கருவிகள் எதிர்த்தலைமுறைக்கு உரியவை. நம் சமுதாயத்தில் அமானிதம் என்றொரு சொல் உண்டு. ஒருவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் அது. வைத்திருப்பவர் காவலரேயன்றி உடையவர் அல்லர். தாமே செய்த பொருளும் ஓரளவில் அமானிதந்தான் என்பது நம் கருத்து. இக்கருத்தை நாயுடு அவர்களிடம் நேரிற் சொல்லியிருந்தால், வரி கேட்பவரிடம் போய்ச் சொல்லுமாறு அவர் திருப்பி அனுப்பியிருக்கவும் கூடும்.

எனினும் அவரது இறுதிச் செயல் உடைத்தல் அன்று. 1967 இல் கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் நிலையான தொழிற் கண்காட்சி ஒன்று அமைந்தது. தாம் ஆக்கியவற்றோடு, பல நாடுகளிலிருந்து வாங்கிவந்த கருவிகளும் எந்திரங்களும் அங்கு மக்கள் காண வைக்கப்பெற்றன. தம் செல்வத்தில் பெரும்பகுதியை அறக்கட்டளைக்கு ஆக்கினார். வக்பு என்பதன் பொருளை நன்கறிந்த நம் பெரியோர்க்கு இவ்வேற்பாட்டின் அருமையை விளக்கவேண்டியதில்லை. 1974 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4 ஆம் நாள் நாயுடு மறைந்தார்.

தந்தையாரின் வழிநின்ற மகனார் ஜி.டி. கோபால், குடும்பத்தார் சேர்த்துவைத்த பழைய கார்களைத் தொகுத்து 2015 இல் அதே அவிநாசி சாலையில் கார் அருங்காட்சியகம் ஒன்றைத் திறக்கச் செய்தார். 1886 ஆம் ஆண்டு காரல் பென்சு காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியின் பிரதி அங்கு நிற்கிறது. ஃபோர்டு நிறுவனம் உலகிற்குக் காரை மலிவாக்கித் தந்த டி மாடல் வண்டியும், வண்டு எனச் செல்லப்பெயர் பெற்ற வோக்ஸ்வேகனும் அங்கு உள்ளன. அரசர்கள் ஊர்ந்த அணிவண்டிகளைக் காட்டி வியப்பூட்டுவதைவிட, எந்தெந்தக் காரில் எந்தப் புதிய நுட்பம் முதலில் வந்தது என்று காட்டுவதே அங்குள்ள வரிசையின் நோக்கம். உணவு விடுதியில் உழைத்து வண்டி வாங்கியவரின் மரபில் வேறெவ்வாறு அமையும்?

கோவை மட்டுமன்று. தில்லியில் 1964 முதலும் கல்கத்தாவில் 1968 முதலும் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழ் பழங்கார் ஊர்வலத்தை நடத்தத் தொடங்கியது. சென்னையில் 2023 இல் ஏ.வி.எம். படப்பிடிப்பு வளாகத்தில் திரைப்படக் கருவிகளோடு பழங்கார்களும் கொண்ட காட்சியகம் திறக்கப்பெற்றது. நடுவண் அரசும் 2021 இல் ஒரு விதி வகுத்தது. ஐம்பதாண்டு கடந்து, முதலமைப்பு மாறாதிருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழமைச் சின்ன வண்டியாகத் தனி வரிசையில் பதிவு செய்யலாம். புதுப் பதிவிற்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். கண்காட்சி, ஊர்வலம், ஆய்வு ஆகியவற்றிற்கு ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்திற்கும் வாணிகத்திற்கும் ஓட்டலாகாது. கட்டணம் சற்றுக் கூடுதலே. பாட்டனார் வண்டியை ஆசையோடு காப்பவர் எல்லோரும் செல்வர் அல்லரே!

1843 இல் கட்டப்பெற்ற சுலோசன முதலியார் பாலத்தின்மீது மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் சென்றன. பின்னர் மோரிசும் பிளைமவுத்தும் சென்றன. வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும், திருமண வீடுதோறும் பூச்சூடி நின்ற பியட்டும் அம்பாசிடரும் சென்றன. அம்பாசிடரின் ஆக்கம் 2014 இல் நின்றது. கடையநல்லூரிலும் ஏர்வாடியிலும் களக்காட்டிலும் பழைய வீடுகளின் பின்கொட்டகையில் தார்ப்பாய் மூடிய வண்டி ஒன்றிரண்டு இன்றும் இருக்கலாம். மகன்கள் வளைகுடா நாட்டில் இருப்பர். வீட்டிலுள்ளோர்க்கு இடம் அடைக்கும் பொருளாக அது தோன்றும். காயலான் கடைக்காரர் வருமுன் நம் மாணவர் அங்குச் செல்லவேண்டும் என்பது நம் விருப்பம்.

விலைக்கு வாங்கும் வசதி மாணவர்க்கு இல்லை. ஆனால் இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. வீட்டாரின் இசைவு பெற்று அவ்வண்டியைப் படம்பிடிக்கலாம். பளபளக்கும் முன்புறத்தோடு நின்றுவிடாமல், நாயுடு அவர்களைப் போல மூடியைத் திறந்து எந்திரத்தையும், ஓட்டுநர் முன்னுள்ள அளவுமானிகளையும், தேய்ந்த மிதிகளையும், பழைய சென்னை மாகாணப் பதிவெழுத்தையும் எடுக்கவேண்டும். காலை இளவெயில் பக்கவாட்டில் விழும்போது தகட்டின் வளைவுகள் நன்கு தெரியும். உச்சிவெயிலில் வெறும் பளிச்சென்ற ஒளியே பதியும். வாங்கியவர் யார், எவ்வாண்டு, எத்தனை திருமணத்திற்கு ஓடியது, ஓட்டுநர் பெயரென்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். வட்டார வழக்குச் சொல் திரட்ட நம் துறை மாணவர் ஊர்தோறும் செல்லும்போது இதனையும் சேர்த்துக்கொள்ளலாம். கியர், கிளட்ச் முதலியவற்றிற்கு நெல்லை ஓட்டுநர் தம்முள் வழங்கிய பேச்சுச்சொற்களும் அப்போது கிடைக்கும்.

2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறக்கப்பெற்ற, பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்திற்கு ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பெற்றது. கல்விச் சுற்றுலா செல்லும் நம் மாணவர்கள் பேருந்தில் அப்பாலத்தின் வழியே விரைந்துவிடாமல், கீழ்ச்சாலையில் இறங்கி அருங்காட்சியகத்தில் அரைநாள் செலவிடுமாறு பயணத்திட்டம் வகுக்கவேண்டும் எனப் பொறுப்பாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.