எந்திரத்தை வேலை வாங்கிய ஜி.டி.நாயுடு

கம்பத்தில் இருந்து தேனிக்கு வரும் சாலையில் விடியற்காலையில் வந்து பாருங்கள். திராட்சைத் தோட்டங்களிலும் வாழைத் தோட்டங்களிலும் கிணற்று மோட்டார்கள் ஓடும் சத்தம் கேட்கும். உங்கள் தாத்தா காலத்தில் அந்த நேரத்தில் கேட்டது வேறு சத்தம். அது கமலை மாடுகளின் கழுத்து மணிச் சத்தம்.

இரண்டு மாடுகளும் சரிவில் முன்னே நடக்கும். கிணற்றில் இருந்து சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னே வரும். சால் கீழே போகும். ஒரு வயலை நனைக்க, பொழுது விடிந்ததில் இருந்து வெயில் ஏறும் வரை ஒரு மனிதனும் இரண்டு மாடுகளும் இப்படி முன்னும் பின்னும் நடக்க வேண்டும்.

இன்றோ தோட்டக்காரர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி கைப்பேசியை அழுத்துகிறார். ஊருக்கு வெளியே கிணற்றில் மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் வற்றிவிட்டால், யாரும் சொல்லாமலே நின்றும் விடுகிறது!

அந்த மோட்டாரின் மேல் ஒட்டி இருக்கும் தகட்டைப் பாருங்கள். பெரும்பாலும் கோயமுத்தூர் என்று இருக்கும். கோவை மோட்டார் ஊராக மாறியதற்குப் பலர் காரணம். அவர்களில் முக்கியமானவர், பள்ளிக்கூடப் படிப்பு ஏறாத ஒரு விவசாயி மகன். அவர்தான் ஜி.டி.நாயுடு.

மணலை வீசிய மாணவர்

ஜி.டி.நாயுடுவின் முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி, கோவையை அடுத்த கலங்கல் என்ற கிராமத்தில் பிறந்தார். தாயை இளம் வயதிலேயே இழந்தார்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகும் காலம் அது. எழுதச் சொன்ன மணலை வாரி வாத்தியார் மீது வீசிவிட்டு ஓடி வந்துவிட்டார், நாயுடு. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால், பிறகு தாமாகவே படித்தார். தமிழிலும் இங்கிலீசிலும் கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்தார். பள்ளிக்கூடத்தைத்தான் வெறுத்தாரே தவிர, படிப்பை அல்ல.

ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி ஓடுகிறது! நாயுடுவுக்கு அன்று பிடித்தது பைத்தியம். அதே போல் ஒரு வண்டி வாங்கியே தீருவது என்று முடிவு செய்தார். கையில் காசு இல்லை. கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். பிறகு 300 ரூபாய் கொடுத்து மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார் தெரியுமா? ஊரைச் சுற்றவில்லை. வண்டியை ஆணி ஆணியாகக் கழற்றிப் போட்டுவிட்டார்! எந்தச் சக்கரம் எதைத் தள்ளுகிறது, பெட்ரோல் எங்கே போய் எப்படி எரிகிறது என்று பார்த்தார். மறுபடியும் பூட்டினார். வண்டி ஓடியது. அவருக்குத் தொழிற்கல்வி கற்றுக் கொடுத்த வாத்தியார் அந்த வண்டிதான்.

பொள்ளாச்சி - பழனி பஸ்

அதன் பின் திருப்பூரில் பஞ்சு வியாபாரம் செய்தார். பணம் வந்தது. பம்பாய்க்குப் போய்ப் பெரிய வியாபாரிகளோடு மோதினார். வந்த பணம் போய்விட்டது.

வெறுங்கையோடு திரும்பியவருக்குக் கை கொடுத்தவர், கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற இங்கிலீசுக்காரர். அவருடைய கடன் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார், நாயுடு. 1920-ம் ஆண்டு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடியது. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே.

நம் பக்கத்து ஜனங்கள் பழனிக்குப் பாதயாத்திரை போவது இன்றும் உண்டு. அந்தக் காலத்தில் மற்ற நாளிலும் நடைதான், அல்லது மாட்டு வண்டிதான். அப்படிப்பட்ட காலத்தில், சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டுச் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரும் பஸ் என்றால் கூட்டத்துக்குக் கேட்பானேன்! ஒரு பஸ் பல பஸ் ஆயிற்று. யு.எம்.எஸ். என்ற அவருடைய கம்பெனியில் இருநூறுக்கு மேற்பட்ட பஸ்கள் ஓடின. இன்று பட்டணத்துப் பிள்ளைகள் "ஸ்டார்ட்-அப்" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதைத்தான் நாயுடு அன்று கடன் வாங்கிய ஒரே ஒரு பஸ்சை வைத்துச் செய்தார்.

பஸ் கெட்டுப்போனால் பழுது பார்க்கப் பட்டறை வேண்டும். பட்டறை இருந்தால் பாகம் செய்யலாம். பாகம் செய்தால் எந்திரமே செய்யலாம். இப்படித்தான் அவர் எந்திரத் தொழிலுக்கு வந்தார்.

தானே ஓடும் எந்திரங்கள்

நாயுடு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனார். அங்கே தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். ஆள் பக்கத்தில் நிற்காமலே வேலை செய்யும் எந்திரங்கள் மீது அவருக்குத் தனி ஆசை.

காசு போட்டால் பாடும் கிராமபோன் ஒன்றை அவர் செய்தார். அக்காலத்தில் கிராமபோன் என்றால் பக்கத்தில் ஒருவர் நின்று சாவி கொடுக்க வேண்டும். தட்டு வைக்க வேண்டும். முள்ளை எடுத்து வைக்க வேண்டும். நாயுடுவின் பெட்டிக்கு ஆள் வேண்டாம். காசு விழுந்தால் பாட்டு வரும். காசு இல்லையேல் பாட்டு இல்லை. பெட்டிக்கு முன்னால் நின்ற ஜனங்கள் வாயைப் பிளந்து இருப்பார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

சவரம் செய்ய ஒரு மின்சாரக் கருவி செய்தார். டார்ச் விளக்கில் போடுவது போன்ற பேட்டரியால் அதற்குள் இருக்கும் சின்ன மோட்டார் சுழலும். "ரேசன்ட்" என்று அதற்குப் பெயர். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி, கள்ள ஓட்டுப் போட முடியாதபடி ஓட்டுகளைப் பதிவு செய்யும் எந்திரம் என்று அவர் செய்தவற்றின் வரிசை நீளும். ஓட்டு எந்திரத்தை நம் நாட்டு மக்கள் தேர்தலில் கண்ணால் கண்டது 1982-ம் ஆண்டில். நாயுடு இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து!

மோட்டார் பிறந்தது

இவற்றை எல்லாம் விட நம் கிணற்றடிக்கு வந்து சேர்ந்த பொருள் ஒன்று உண்டு. அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1930-களின் தொடக்கத்தில், நீலகிரி பைக்காரா அருவித் தண்ணீரில் இருந்து எடுத்த மின்சாரம் கோவைக்கு வந்தது. மின்சாரம் வந்தால் போதுமா? அதைக் கொண்டு சக்கரத்தைச் சுற்ற மோட்டார் வேண்டாமா? மோட்டார்களோ வெளிநாட்டில் இருந்து கப்பலில் வந்தன. விலையோ அதிகம். கெட்டுப்போனால் உதிரிப் பாகத்துக்குக் கடல் கடந்து எழுத வேண்டும்.

1937-ம் ஆண்டு, பீளமேட்டில் இருந்த நாயுடுவின் மின்சாரத் தொழிற்சாலையில், இந்தியாவின் முதல் சுதேசி மின் மோட்டார் உருவாயிற்று. அதை வடிவமைத்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு. பிற்காலத்தில் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கியவர் அவர்தான். பெருமையை இருவருக்கும் சேர்த்தே கொடுப்பதுதான் நியாயம்.

ஒரு மோட்டார் செய்தது பெரிய காரியம். அதை விடப் பெரிய காரியம், அதன் பிறகு நடந்தது. கோவை முழுவதும் பட்டறைகள் முளைத்தன. ஒருவர் இரும்பை வார்த்தார். ஒருவர் கடைசல் பிடித்தார். ஒருவர் செம்புக் கம்பியைச் சுற்றினார். ஒருவர் பம்பு செய்தார். ஊரே சேர்ந்து செய்ததால் மோட்டார் ஆயிரமாக, லட்சமாகப் பெருகியது. 1958-க்குப் பின் லோயர் கேம்பில் பெரியாறு மின்சார நிலையமும் ஓடத் தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கில் கமலை மாடுகளுக்கு மெல்ல மெல்ல ஓய்வு கிடைத்தது.

ஓடாத கார்

எல்லாமே இப்படி முடிந்துவிடவில்லை.

1941-ம் ஆண்டு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து கொடுக்க முடியும் என்று நாயுடு அறிவித்தார். 1952-ம் ஆண்டு இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாய்தான்! நடுத்தரக் குடும்பத்தாரும் காரில் போகலாம் என்ற ஆசையை அது கிளப்பியது.

ஆனால் அந்தக் காலத்தில் கார் செய்வதற்குச் சர்க்காரின் லைசென்சு வேண்டும். அனுமதி பெற்ற கம்பெனிகள் ஒரு சிலவே. நாயுடுவுக்கு லைசென்சு கிடைக்கவில்லை. கார் நின்றுவிட்டது.

மோட்டாரும் அவருடைய பட்டறைப் பிள்ளைதான். காரும் அவருடைய பட்டறைப் பிள்ளைதான். மோட்டாரைச் செய்ய ஓர் ஊரே கை கொடுத்தது. அது பட்டி தொட்டி எல்லாம் போயிற்று. காருக்கு அனுமதி இல்லை. ஆகவே கூடச் சேர்ந்து செய்ய ஆளும் இல்லை. ஒரு எந்திரத்தைச் செய்து காட்டுவது ஒரு வேலை. அதையே ஆயிரம் செய்து வீட்டுக்கு வீடு சேர்ப்பது வேறு வேலை. அதற்குப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். நாயுடுவிடம் பணம் இருந்தது. பொறுமைதான் கொஞ்சம் குறைவு! சர்க்காரின் வரிகளை எதிர்த்து, தாம் செய்த பொருள்கள் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்தவர் அவர். கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் உடைந்தது அருமையான பொருள்கள் அல்லவா?

விலகிய பிரின்சிபால்

1944-ம் ஆண்டு நாயுடு தம் மோட்டார் தொழிலின் நிர்வாகத்தில் இருந்து விலகினார். தொழிலாளர் நலத்துக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் பணம் ஒதுக்கினார். அவர் கொடுத்த நன்கொடையாலும் எடுத்த முயற்சியாலும் 1945-ம் ஆண்டு கோவையில் தொழிற்கல்லூரி வந்தது. அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. மூன்றாம் வகுப்பு படித்த நாயுடு, பிரின்சிபால் ஆனார்!

நான்கு ஆண்டுப் படிப்பு வீண் என்பது அவர் கருத்து. கையில் கருவியைக் கொடுத்தால் இரண்டே ஆண்டுகளில் கற்றுக் கொடுத்துவிடலாம் என்று வாதாடினார். வெள்ளைக்கார சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார். அந்தக் கல்லூரிதான் இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வேறு இடத்தில் நடக்கிறது.

பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றிலும் நாயுடு ஆராய்ச்சி செய்தார். அவருடைய தோட்டத்தைப் பார்க்க விஞ்ஞானி சர் சி.வி.ராமனும் வந்தார். 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, 80-வது வயதில் நாயுடு காலமானார்.

கோவை அவினாசி ரோட்டில் அவர் செய்த பொருள்களும் சேகரித்த பொருள்களும் காட்சிக்கு வைக்கப்பட்டு இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கிக்கொள்வது நல்லது. அதே ரோட்டில், பழைய கல்லூரி இருந்த இடத்துக்கு இன்னும் ஹோப் காலேஜ் என்றே பெயர். பஸ் கண்டக்டர்கள் அப்படித்தான் கூவி ஆளை இறக்குகிறார்கள். அந்த நிறுத்தத்தின் தலைக்கு மேலே, 10 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலம் போகிறது. 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் பெயர், ஜி.டி.நாயுடு மேம்பாலம்.