பாறைக்கு வயது கண்ட ஆர்தர் ஹோம்ஸ்

நிலத்தில் முதன்முதல் முளைத்த செடிகளின் காலத்தை ஆராய்வோர் நன்றியோடு நினைத்தற்குரியவர் ஆர்தர் ஹோம்ஸ் என்னும் ஆங்கில நிலநூற் பேரறிஞர்.

இவர் 1890-ஆம் ஆண்டு வட இங்கிலாந்திற் பிறந்தார். 1907-இல் உபகாரச் சம்பளம் பெற்று லண்டன் சென்று பௌதிகம் பயிலப் புகுந்தவர், நிலநூலில் நாட்டங் கொண்டார். அந்நாளில் பாறையடுக்குகளுள் முந்தியது எது, பிந்தியது எது என்பதை அறிஞர் அறிந்திருந்தனர். ஆண்டுக் கணக்கோ ஊகமாகவே இருந்தது.

யுரேனியம் மாறா வேகத்திற் சிதைந்து ஈயமாகின்றது. ஒரு தாதுவில் எஞ்சிய யுரேனியத்தையும் அதனின்று பிறந்த ஈயத்தையும் அளந்தால், அத்தாது உறைந்த காலம் புலப்படும். அமெரிக்கரான போல்ட்வுட் 1907-இல் காட்டிய இவ்வழியை ஹோம்ஸ் செப்பஞ் செய்தார். 1911-இல், தம் இருபத்தோராம் வயதில், நார்வே நாட்டுப் பாறையொன்று 37 கோடி ஆண்டு பழமையுடையதெனக் கணித்தார். இலங்கைத் தாதுவொன்றிற்கு 164 கோடி ஆண்டு என்றார். ஈயம் பலவகைப்படும் என்பது அன்று தெரியாமையால், இவ்வெண்கள் பின்னர்த் திருத்தமுற்றன; முறை மட்டும் நிலைத்தது.

வாழ்க்கை அவருக்கு எளிதாயிருக்கவில்லை. பொருள் முட்டுப்பாட்டால் அதே ஆண்டில் மொஸாம்பிக் சென்று, மலேரியாவுக்கு ஆளாகித் திரும்பினார். பின்னர்ப் பர்மாவில் எண்ணெய்க் கம்பெனியொன்றில் அமர்ந்தார், கம்பெனி நொடித்தது, அங்கே தம் இளம் புதல்வனையும் நோய்க்குப் பறிகொடுத்தார். எனினும் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். 1924-இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்திற் பணியமர்ந்தார்; 1943-இல் எடின்பரோவிற் பேராசிரியரானார். தாம் வகுத்த கால அட்டவணையை 1947-இலும் 1959-இலும் தாமே திருத்தி வெளியிட்டார். 1965-இல் காலமானார்.

அவர் வளர்த்த முறையின் பயனை ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் சிற்றூரிற் காணலாம். அங்கே 1912-இல் மக்கீ என்னும் வைத்தியர் கண்டெடுத்த கல்லில், பண்டைச் செடிகள் வெந்நீரூற்றுப் படிவத்துள் உறைந்து, உள்ளமைப்புக் குலையாது கிடந்தன. செடி தன் வயதைச் சொல்லாது. ஆதலின் அறிஞர் அருகிலுள்ள எரிமலைப் பாறையின் ஸிர்கான் மணிகளை நாடினர். ஸிர்கான் உறையுங்கால் யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை விலக்கும். ஆகவே இன்று அதனுட் காணும் ஈயம் பெரும்பாலும் பின்னர்ப் பிறந்ததே. 2011-இல் வெளியான அளவைகள் அச்செடிகளின் காலம் ஏறக்குறைய 41 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதெனக் காட்டின. அவற்றினும் முந்திய நிலச்செடிகளும் உண்டு. அவற்றின் காலத்தை வரையறுப்பதற்கும் இத்தகைய தாதுக்களே துணை.

கணக்குப் பிழைபடின் திருத்தலாம். முயற்சியைக் கைவிடின் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. மாணாக்கர் ஹோம்ஸ் வாழ்விற் கற்கத்தக்கது இதுவே.