தோட்டம் காணாத தோட்ட முதலாளி

உழைப்பவன் ஒருவன், உண்பவன் இன்னொருவன் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். இது வெறும் பேச்சா? ஜான் கிளாட்ஸ்டன் என்ற சீமானின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

1764-ல் ஸ்காட்லாந்தில், லீத் என்ற துறைமுக ஊரில், தானிய வியாபாரியின் மகனாகப் பிறந்தவர் அவர். 1787-ல் லிவர்ப்பூலில் குடியேறினார். தானியம் விற்றார், கப்பல் விட்டார், செல்வரானார். பிறகு தென் அமெரிக்காவிலே, இன்று கயானா எனப்படும் நாட்டின் டெமராரா பகுதியில், கரும்புத் தோட்டங்களை வாங்கினார். அங்கே பாடுபட்டவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். முதலாளியோ ஒரு நாளும் அந்த மண்ணை மிதித்ததில்லை. சர்க்கரையும் லாபமும் மட்டும் கப்பலேறி அவரிடம் வந்தன.

1823 ஆகஸ்டில் அவருடைய 'சக்சஸ்' தோட்டத்தில் கிளர்ச்சி வெடித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் திரண்டெழுந்தனர். முன்னணியில் நின்றவன் ஜாக் கிளாட்ஸ்டன். ஆம், அடிமைக்கும் ஆண்டையின் பெயர்தான்! அவன் தந்தை குவாமினா, அதே தோட்டத்துத் தச்சர். இரத்தம் சிந்த வேண்டாம், வேலையை நிறுத்துவோம் என்ற கருத்துடையவர். அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பிணத்தைச் சங்கிலியில் கட்டித் தோட்டத்தின் முன் தொங்கவிட்டார்கள். மகனை நாடு கடத்தினார்கள்.

1833-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் செய்தது. நட்ட ஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கியது. யாருக்கு? முதுகு கிழிந்தவனுக்கா? இல்லை, சவுக்கு வைத்திருந்தவனுக்கு! 2,508 அடிமைகளை இழந்ததற்காகக் கிளாட்ஸ்டன் பெற்றது 1,06,769 பவுன். அடிமைக்குச் சல்லிக்காசு இல்லை. அதற்குமேல், பயிற்சிக்காலம் என்ற பெயரில் 1838 வரை பழைய எஜமானனுக்கே கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு யார் கரும்பு வெட்டுவது? 1836-லேயே அவர் கல்கத்தாக் கம்பெனி ஒன்றுக்குக் கடிதம் எழுதி, இந்தியக் கூலிகள் வேண்டும் என்று கேட்டார். 1838-ல் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்ற இரு கப்பல்கள் 396 பேரைக் கொண்டு சேர்த்தன. அவர்களில் பலர் சோட்டா நாகபுரி மலைமக்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றார்கள். அவருடைய தோட்டத்தில் அவர்களுக்கும் சவுக்கடி விழுந்தது. அவர் திறந்துவிட்ட வழியே 1917 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அந்நாட்டுக்குப் போயினர். சென்னையில் கப்பலேறிய தமிழரும் அவர்களில் உண்டு.

கிளாட்ஸ்டனுக்கு 1846-ல் 'சர்' பட்டம் கிடைத்தது. 1851-ல் மாளிகையில் மாண்டார். மகன் வில்லியம் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரானார். 2023-ல் அவர் வழித்தோன்றல்கள் கயானாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டனர். தாத்தா மிதிக்காத மண்ணைப் பேரப்பிள்ளைகள் தலைகுனிந்து மிதித்தனர்.

நல்லதுதான். ஆனால் குவாமினாவின் கூலி? அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. செல்வம் திறமையால் வந்தது என்று யாரேனும் சொன்னால், தோழர்களே, அந்தக் கணக்கைக் காட்டச் சொல்வோம்.