பிளேக்கை மறித்த பினாங்கு மருத்துவர்

மனித இனத்தை மிகுதியாகப் பலி கொண்ட நோய்களைப் பட்டியலிட்டால் பெரியம்மை, காசநோய், மலேரியா ஆகியவற்றோடு பிளேக் என்னும் கொள்ளைநோயும் முன்வரிசையில் நிற்கும். 14-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினரை வாரிச் சென்ற நோய் அது. 1894இல் ஹாங்காங்கிலும் 1896இல் பம்பாயிலும் மீண்டும் தலைதூக்கி, அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மருந்தே இல்லாத அக்காலத்தில் இந்நோயை எதிர்கொண்டு, ஒரு நகரத்தை விட்டு அதை இரண்டே மாதங்களில் விரட்டியவர் நம் பினாங்கு மண்ணில் பிறந்தவர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவர்தான் டாக்டர் வூ லியன் தே.

1879-ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சீனாவிலிருந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் பயின்ற லியன் தே, 1896இல் மகாராணியார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு மருத்துவம் பயின்ற முதல் சீனர் அவரே. லண்டன், லிவர்பூல், பாரிஸ், ஹாலே ஆகிய நகரங்களிலும் நோய்க்கிருமிகளைப் பற்றிக் கற்றுத் தேர்ந்தார்.

இத்தனை தகுதிகளோடு 1903இல் தாயகம் திரும்பியவருக்கு என்ன கிடைத்தது? கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பெரிபெரி நோயைப் பற்றி ஓராண்டு ஆய்வு செய்ய வாய்ப்புக் கிடைத்தது. அதற்கு மேல் கதவு திறக்கவில்லை. காலனித்துவ மருத்துவச் சேவையின் உயர்பதவிகள் வெள்ளையருக்கே உரியவையாக இருந்தன. எனவே அவர் பினாங்கு சூலியா தெருவில் சொந்த மருந்தகம் தொடங்கினார். (நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரால் அமைந்த அதே தெருதான்.)

மருந்தகத்தோடு அவர் அடங்கியிருக்கவில்லை. அபினால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டு மனம் நொந்து, அபின் எதிர்ப்பு இயக்கத்தில் இறங்கினார். அரசாங்க வருமானத்தில் பெரும்பங்கு அபின் வரியிலிருந்து வந்த காலம் அது. 1907இல் அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. மருத்துவத்திற்காக வைத்திருந்த சிறிதளவு அபின் கரைசலைக் காரணம் காட்டி வழக்குத் தொடுத்து அபராதமும் விதித்தனர். அபினை எதிர்த்தவரே அபின் குற்றவாளியானார்! மேல்முறையீடும் பயன் தரவில்லை. அந்நேரம் பார்த்துச் சீன அரசிடமிருந்து அழைப்பு வந்தது. 1908இல் தியான்ஜின் நகர இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநராகப் பொறுப்பேற்றார். சீன மொழியைச் சரளமாகப் பேசத் தெரியாமலேயே அவர் சீனாவுக்குப் போனார் என்பது வியப்பான செய்தி.

1910-ஆம் ஆண்டின் இறுதியில் வட சீனாவின் மஞ்சூரியாவில் மர்மமான ஒரு நோய் பரவியது. காய்ச்சல் கண்டு, இரத்தமாக இருமி, ஓரிரு நாள்களில் மாண்டனர். பிழைத்தவர் எவருமில்லை என்றே சொல்லலாம். டிசம்பர் 24ஆம் நாள், உறைபனியில், ஒரே ஓர் உதவியாளருடன் ஹார்பின் நகரில் வந்து இறங்கினார் வூ. அப்போது அவருக்கு வயது 31.

உடலை அறுத்துச் சோதிப்பது அன்றைய சீனாவில் பெரும்பாவமாகக் கருதப்பட்டது. ஆனாலும் மூன்றே நாளில், நோயால் இறந்த ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை மறைவாக அறுத்துப் பார்த்து அது பிளேக் கிருமிதான் என்பதை உறுதி செய்தார். ஆனால், ஒரு முரண்பாடு அவரை உறுத்தியது. இந்தியாவில் கண்ட பிளேக், எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சியால் பரவுவது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். இங்கோ நோய் நுரையீரலில் இருந்தது. அப்படியானால் இது எலியால் வருவதன்று, மனிதரின் இருமலிலிருந்து காற்றின்வழி மற்றொரு மனிதருக்குப் பரவுவது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பல அடுக்கு மெல்லிய வலைத்துணிக்கு நடுவே பஞ்சை வைத்து, எளிய முகக்கவசம் ஒன்றைச் செய்து, அனைவரும் அணிய வேண்டும் என்றார்.

யார் கேட்டார்கள்? ஜெரால்டு மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர் வயதிலும் பதவியிலும் மூத்தவர். முன்பே பிளேக் நோயாளிகளைப் பார்த்த அனுபவமும் உடையவர். எலியை ஒழித்தாலே போதும் என்பது அவர் கட்சி. சீனர் ஒருவர் தமக்குப் பாடம் சொல்வதா என்று வூவின் இனத்தையே இழிவுபடுத்திப் பேசினார். வூ தம் பதவியைத் துறக்க முன்வந்தார். ஆனால் அரசாங்கம் அவர் பக்கமே நின்றது. மெஸ்னி முகக்கவசமின்றி நோயாளிகளைச் சோதித்தார். 1911 ஜனவரி 11ஆம் நாள் அதே நோயால் மாண்டார். அதன் பிறகு அந்நகரில் முகக்கவசம் அணியாதவரைக் காண்பது அரிதாயிற்று. மெஸ்னியை எளிதில் பழித்துவிட முடியாது என்பது என் கருத்து. அவர் கற்றது தவறன்று. அது வேறோர் ஊருக்குரிய பாடம், அவ்வளவே.

நகரம் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, போலீசாரும் படையினரும் காவலுக்கு நின்றனர். வீடு வீடாகச் சோதனை நடந்தது. ரஷ்யரிடமிருந்து பெற்ற 120 சரக்கு இரயில் பெட்டிகள், நோயாளிகளோடு பழகியோரைத் தனிமைப்படுத்தும் இடங்களாயின. ஆயினும் சாவு குறையவில்லை. இடுகாட்டில் 2,000க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகள் ஒரு மைல் நீளத்திற்குக் கிடந்தன. நிலம் உறைந்து கல்லாகிவிட்டதால் குழி தோண்ட வழியில்லை. உறைந்த உடலில் கிருமி நெடுநாள் வாழும். எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால், முன்னோரைத் தெய்வமாக வணங்கும் சீன மக்களிடம் உற்றாரின் உடலைக் கொளுத்தச் சொல்வது எப்படி? வூ, அதிகாரிகளை இடுகாட்டிற்கே அழைத்துச் சென்று காட்டி, பேரரசரின் ஆணையை வேண்டி மனு அனுப்பினார். சீனப் புத்தாண்டு நாளில் அனுமதி வந்தது. மறுநாள், ஜனவரி 31இல், பெட்டிகள் நூறு நூறாக அடுக்கப்பட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கப்பட்டன. அந்தப் புத்தாண்டில் பட்டாசை வீட்டுக்குள்ளேயே வெடிக்கும்படி மக்களிடம் சொன்னாராம்; கந்தகப் புகை நல்லது என்பது அவர் எண்ணம்.

மார்ச் முதல் நாளோடு ஹார்பினில் நோய் அடங்கியது. மஞ்சூரியா எங்கும் மாண்டோர் ஏறக்குறைய 60,000 பேர். ஹார்பினில் நோய்த்தடுப்புப் பணி செய்தவர்களிலும் ஏறக்குறைய 300 பேர் இறந்தனர். அவர்களுள் பலர் பிணம் சுமந்தோரும் வண்டியோட்டிகளுமே. அவர்களின் பெயர்களை இன்று யாரும் நினைப்பதில்லை. ஏப்ரலில் முக்டன் நகரில் 11 நாடுகள் கலந்துகொண்ட அனைத்துலகப் பிளேக் மாநாட்டிற்கு வூ தலைமையேற்றார். மலாயாவில் உயர்பதவிக்கு ஏற்கப்படாத அதே மனிதர்தாம்! 1935இல் நோபெல் பரிசுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

1937இல் ஜப்பானியர் சீனாவின் மீது படையெடுத்தபோது வூ மலாயாவுக்குத் திரும்பினார். இம்முறை எந்தப் பதவியையும் நாடவில்லை. ஈப்போவில் ஒரு சாதாரண மருந்தகம் திறந்து, ஏழைகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் பார்த்தார். ஈப்போவில் ஒரு நூலகம் அமையவும் நிதி திரட்டினார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் எதிர்ப்புப் படையினர் அவரைக் கடத்திப் பணம் கேட்டனர். பணம் கொடுத்து மீண்டவரை, எதிரிக்கு உதவினார் என்று ஜப்பானியர் சந்தேகித்தனர். முன்பு அவரிடம் சிகிச்சை பெற்ற ஜப்பானிய அதிகாரி ஒருவரால் தப்பினார்.

80 வயதிலும் அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1959இல் தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். ஓய்வுக்காலத்தைக் கழிக்கப் பினாங்கில் ஒரு வீடும் வாங்கியிருந்தார். 1960-ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், பிறந்த ஊரான அந்தப் பினாங்கிலேயே காலமானார்.