மும்முடி சூடிய ஹென்றி ஆம்ஸ்ட்ரோங்

மூன்று முடிகளை ஒரு தலையில் தாங்கியவன் என்று இராசராசனை மும்முடிச் சோழன் எனப் போற்றுகிறது சரித்திரம். குத்துச்சண்டை உலகிலும் அப்படி ஒருவர் இருந்தார். அவர் அரச குலத்திற் பிறந்தவரல்லர். புகையிரதப் பாதையிற் சம்மட்டி பிடித்த கூலியாள். ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் என்னும் அந்தக் கறுப்பின வீரர் 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17ஆந் தேதி இரவு, மூன்று எடைப் பிரிவுகளின் உலகப் பட்டங்களை ஒருங்கே உடையவரானார். எட்டுப் பிரிவுகளே பெரிதாக மதிக்கப்பட்ட காலம் அது. இன்றோ பிரிவுகள் பதினேழுக்குக் குறையாதவை. பட்டம் வழங்கும் சங்கங்களும் பல.

எடைப் பிரிவு என்பது வெறுஞ் சம்பிரதாயமன்று. இறகு எடைக்கு 126 இறாத்தல், இலேசு எடைக்கு 135, வெல்டர் எடைக்கு 147 என்பது எல்லை. நம் தோட்டங்களிற் கொழுந்து நிறுத்த தராசும் முன்னாளில் இறாத்தற் கணக்கையே சொல்லிற்று. இப்போது கிலோ வந்துவிட்டது. எந்தக் கணக்காயினும், ஓர் இறாத்தல் குறைந்தால் என்ன என்று நம் தாய்மாரிடம் சொல்லிவிட்டு எவரும் தப்பமுடியாது! குத்துச்சண்டை மேடையிலும் அப்படித்தான். எதிராளியின் எடை முழுவதும் அவனுடைய கைமுட்டியின் பின்னால் நின்று இடிக்கும்.

ஆம்ஸ்ட்ரோங்குக்கு முன்னர் பொப் ஃபிட்ஸிமன்ஸ் என்ற கொல்லர் 1891இல் நடுத்தர எடையிலும், 1897இல் பார எடையிலும், 1903இல் இலேசு பார எடையிலும் பட்டம் பெற்றதுண்டு. ஆயினும் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. நம் காலத்துப் பிலிப்பைன்ஸ் வீரர் மன்னி பக்கியாவோ எட்டுப் பிரிவுகளில் வென்றார்; அவரும் ஒன்றை விட்டே மற்றொன்றைப் பிடித்தார். ஆம்ஸ்ட்ரோங் மூன்று பட்டங்களையும் பெறப் பத்து மாதமே சென்றது.

அவர் 1912ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் தேதி, மிசிசிப்பி மாகாணத்தின் கொலம்பஸ் என்ற ஊரிற் பிறந்தார். இயற்பெயர் ஹென்றி ஜாக்சன். பதினைந்து பிள்ளைகளுள் பதினொராவது பிள்ளை. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து அப்போது ஐம்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. தந்தையார் பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டவர். குடும்பம் பிழைப்புத் தேடி சென்ட் லூயிஸ் நகருக்குப் பெயர்ந்தது. தாயை இளமையிலேயே இழந்த சிறுவனை வளர்த்தவர் பாட்டியார். பள்ளியிற் கவிதை எழுதும் மாணவனாக விளங்கினார். படிப்பு முடிந்ததும் காத்திருந்தது கவிதையன்று. மிசூரி பசிபிக் கம்பனியின் தண்டவாளங்களில் ஆணி அறையும் வேலை.

அந்த வேலை எத்தகையதென்பதை ஊவாவில் விளக்க வேண்டியதில்லை. 1924இல் பதுளை வந்தடைந்த இருப்புப்பாதையில், தெமோதரை வளைவிலும் ஹாலிஎலையிலும் வெயில் மழை பாராது உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்த மலரை வாசிப்போருள்ளும் இருப்பர். ஒருநாள் கைக்கு வந்த பத்திரிகைத் தாளொன்றில், கியூபா வீரர் கிட் சொக்லட் அரைமணி நேரச் சண்டைக்குப் பல்லாயிரம் டொலர் பெற்ற செய்தியை ஹென்றி படித்தாராம். சம்மட்டியைக் கீழே வைத்தார்.

வைத்ததும் வெற்றி வந்துவிடவில்லை. 1931இல் தொழில்முறையில் ஆடிய முதற் போட்டியிலேயே மூன்றாஞ் சுற்றில் வீழ்ந்தார். நண்பரொருவருடன் சரக்கு வண்டிகளில் ஒளிந்தேறிக் கலிபோர்னியா சென்றார். அந்த நண்பரின் பெயராகிய ஆம்ஸ்ட்ரோங் என்பதையே தம் பெயராக்கிக் கொண்டார். பல ஆண்டுகள் சிறு தொகைக்கு ஆடினார்.

அவருடைய உயரம் ஐந்தரை அடியளவே. தலையைத் தாழ்த்தி எதிராளியின் மார்போடு ஒட்டிக்கொண்டு மூச்சுவிடாது குத்துவார். அவருடைய இருதயம் மெதுவாகத் துடிப்பது. ஆகவே மேடையேறு முன்னரே பல சுற்றுப் பயிற்சி செய்து வியர்த்த உடம்போடுதான் வருவார் என்பர். 1937இல் மட்டும் 27 போட்டிகள், 27 வெற்றிகள், அவற்றுள் 26 எதிராளி தொடர முடியாது முடிந்தவை. ஒன்றும் மறைக்காமற் சொல்வதானால், இடுப்புக்குக் கீழே குத்தும் குற்றமும் அவரிடம் இருந்தது. அதற்கு அவர் பின்னர் விலை கொடுத்தார்.

அந்த ஆண்டு ஜோ லூயிஸ் பார எடைப் பட்டம் பெற்றதும் மக்கள் பார்வை முழுவதும் அவர்மேற் சென்றது. சிறிய எடை வீரரைக் காணக் கூட்டம் வரவேண்டுமானால் எவரும் செய்யாத ஒன்றைச் செய்தாக வேண்டும் என்று நிர்வாகி எடி மீட் முதலானோர் கருதினர். மூன்று பட்டம் என்ற எண்ணம் பிறந்தது இப்படித்தான். புகழாசையிலும் பார்க்க வரும்படிக் கணக்கே அதில் மிகுதி என்பது எமது எண்ணம்.

1937 அக்டோபர் 29இல் பீட்டி சரனை ஆறாஞ் சுற்றில் வீழ்த்தி இறகு எடைப் பட்டம் பெற்றார். (1938 பெப்ரவரியில், அதே இறகு எடையில், நம் இலங்கை வீரர் பார்னி ஹென்றிக்கஸ் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியிற் பொற்பதக்கம் வென்றார்; இவர் அமெச்சூர், அவர் தொழில் வீரர்.) மே 31இல் இலேசு எடையைத் தாண்டி நேரே வெல்டர் எடைக்குப் பாய்ந்தார். எதிரே நின்றவர் பார்னி றோஸ், 142 இறாத்தல். ஆம்ஸ்ட்ரோங் ஏறத்தாழ 134. எடையைக் கூட்டத் தண்ணீரும் பியருமாகக் குடித்தாராம். பதினைந்து சுற்றும் றோஸ் அடிவாங்கினார். ஆயினும் விலகவோ விழவோ இல்லை. அதன்பின் அவர் மேடையேறவுமில்லை.

மூன்றாவதுதான் கடினம். நியூயோர்க்கில் லூ ஆம்பர்ஸ் குத்திய குத்தில் ஆம்ஸ்ட்ரோங்கின் வாயின் உட்புறம் கிழிந்தது. மேடையில் இரத்தம் சிந்துவதைக் கண்ட நடுவர் போட்டியை நிறுத்திவிடுவதாக எச்சரித்தார். நிறுத்தினாற் பட்டம் போயிற்று. ஆம்ஸ்ட்ரோங் பற்காப்பைத் துப்பிவிட்டு, இரத்தத்தை விழுங்கிக்கொண்டே கடைசிச் சுற்றுகளை ஆடினார். நடுவர்கள் ஒருமனப்படவில்லை, எனினும் பெரும்பான்மைத் தீர்ப்பு அவருக்கே கிடைத்தது.

மும்முடியும் நெடுநாள் நிற்கவில்லை. இறகு எடைப் பட்டத்தை அவ்வாண்டு முடியுமுன் தாமே துறந்தார். 1939 ஆகஸ்டில் ஆம்பர்ஸ் மீண்டும் எதிர்த்தபோது, கீழ்க்குத்துக்காகச் சுற்றுகள் பறிக்கப்பட்டு இலேசு எடையை இழந்தார். வெல்டர் பட்டத்தையோ அவ்வாண்டு அக்டோபரில் மட்டும் ஐந்து முறை காத்தார். 9ஆந் தேதி தொடங்கி 30ஆந் தேதிக்குள், ஐந்து நகரங்களில்! 1940 மார்ச்சில் நடுத்தர எடைப் பட்டத்துக்காக செபரினோ கார்சியாவுடன் மோதினார். வெற்றி தோல்வியின்றி முடிந்தது. நான்காவது முடி மயிரிழையில் தவறியது. அந்த அக்டோபரில் ஃபிரிட்சி சிவிக் என்பவர் கடைசிப் பட்டத்தையும் பறித்தார். 1941 ஜனவரியில் மறுபோட்டியைக் காண மடிசன் சதுக்க அரங்கில் 23,000க்கு மேற்பட்டோர் கூடினர். கண்கள் வீங்கிய நிலையில் ஆம்ஸ்ட்ரோங் பன்னிரண்டாஞ் சுற்றில் நிறுத்தப்பட்டார்.

1945இல் ஓய்வு பெற்றபோது வெற்றிகள் 150ஐ ஒட்டியிருந்தன. கையிற் பணம் நிற்கவில்லை. குடி பிடித்துக்கொண்டது. லயங்களிற் சம்பள நாளன்று நாம் காணும் அதே குடிதான். பட்டத்தையும் பாட்டாளியையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. மூன்று பட்ட வீரர்களை எதிர்த்து நின்றதினும் அதை விட்டதே அவருக்குப் பெரும் போராட்டம் என்று நாம் மதிக்கிறோம். மீண்டார். 1951இல் பாப்திஸ்த சபையின் குருவாகி, லொஸ் ஏஞ்சல்சிலும் பின்னர் சென்ட் லூயிசிலும் ஏழைச் சிறுவர்களைத் திரட்டி அவர்களுக்காக உழைத்தார்.

முதுமையில் பார்வை மங்கிற்று, நினைவும் தளர்ந்தது. பல்லாண்டு தலையில் வாங்கிய குத்துகளை அதற்குக் காரணமாகச் சொல்வர். 1988 அக்டோபர் 22ஆந் தேதி லொஸ் ஏஞ்சல்சிற் காலமானார். இரண்டாண்டு கழித்து, சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்ட முதல் வரிசையினரோடு அவர் பெயரும் பொறிக்கப்பட்டது.