பீரங்கி கொதிக்கவைத்த தண்ணீர்

மார்கழிக் குளிரில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடு உண்டாக்காதவர் நம்மில் யாருமில்லை. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியை விடாப்பிடியாகக் கேட்ட ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

பெஞ்சமின் தாம்ஸன் 1753ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் அமெரிக்காவில் வோபர்ன் என்னும் ஊரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். கடையில் தொழில் பழகச் சென்ற சிறுவனின் மனம் சோதனைகளிலேயே இருந்தது. வாணவெடி செய்யப்போய் உடம்பைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. ஹார்வர்டு கல்லூரிக்கு நடந்தே சென்று அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்டு வந்தார்.

19ஆம் வயதில் செல்வம் மிக்க விதவை ஒருவரை மணந்தார். அமெரிக்க விடுதலைப் போர் மூண்டபோது ஆங்கிலேயருக்கு உளவு சொன்னார். 1776இல் மனைவியையும் சிறு மகளையும் விட்டுவிட்டு இலண்டனுக்குக் கப்பலேறினார். அம்மனைவியை அவர் மீண்டும் பார்க்கவேயில்லை. இதைப் படித்தபோது எங்களுக்குக் கோபந்தான் வந்தது. ஆயினும் பெரியவர் என்பதற்காகக் குறையை மறைப்பது முறையன்று என்று எழுதிவிட்டோம்.

பிறகு ஜெர்மனியில் பவேரியா நாட்டின் ஆட்சியாளரிடம் பணியில் சேர்ந்தார். 1790ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் மியூனிக் நகரத்துப் பிச்சைக்காரர்களைத் திரட்டி, அவர்களுக்குத் தொழிற்கூடத்தில் வேலையும் உணவும் கிடைக்கச் செய்தார். 'ரம்ஃபோர்டு பிரபு' என்னும் பட்டமும் பெற்றார். ரம்ஃபோர்டு என்பது அவர் விட்டுவந்த மனைவியுடைய ஊரின் பழைய பெயர்! என்ன மனமோ!

மியூனிக் ஆயுதசாலையில் பீரங்கிகளைத் துளையிடும் வேலையை அவர் மேற்பார்வையிட்டார். துளைக்கும்போது பித்தளை சுட்டது. சீவி விழுந்த துகள் அதைவிடச் சுட்டது. வெப்பம் என்பது 'கலோரிக்' என்ற கண்ணுக்குத் தெரியாத பாய்மம், உலோகத்தைச் சீவும்போது அது வெளியேறுகிறது என்று அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர். அது உண்மையானால் துகளின் வெப்ப ஏற்புத்திறன் மாறியிருக்க வேண்டுமல்லவா? ரம்ஃபோர்டு துகளையும் அதே உலோகத்தின் தகட்டையும் சம எடையில் எடுத்துச் சோதித்தார். வேறுபாடு இல்லை.

அடுத்து, வேண்டுமென்றே மழுங்கிய எஃகுத் துளைக்கருவி ஒன்றைப் பித்தளை உருளையின்மேல் ஏறத்தாழ 10,000 இராத்தல் விசையுடன் அழுத்தி, குதிரைகளைக் கொண்டு உருளையை நிமிடத்துக்கு 32 முறை சுழலவிட்டார். அரைமணியில் உருளையின் வெப்பநிலை 60 பாரன்ஹீட் பாகையிலிருந்து 130 பாகைக்கு உயர்ந்தது. உருளையின் எடை 113 இராத்தல். தேய்ந்து விழுந்த தூளோ சுமார் 54 கிராம்தான்! இவ்வளவு தூளிலிருந்தா அவ்வளவு வெப்பம்?

பிறகு உருளையைச் சுற்றி மரப்பெட்டி அமைத்து, சுமார் 19 இராத்தல் தண்ணீரை ஊற்றினார். ஒரு மணியில் 107 பாகை. இரண்டு மணியில் 178 பாகை. இரண்டரை மணியில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அடுப்பில்லை, நெருப்பில்லை! சுற்றி நின்றவர்கள் வியந்தனர். தாமும் சிறுபிள்ளைபோல் மகிழ்ந்ததாக ரம்ஃபோர்டே எழுதியிருக்கிறார். குதிரைகள் தின்னும் தீவனத்தை எரித்தாலே கூடுதல் வெப்பம் கிடைக்கும் என்று வேடிக்கையாக ஒப்புக்கொண்டவரும் அவரே. தேய்க்கத் தேய்க்கத் தீராமல் வரும் ஒன்று பொருளாக இருக்க முடியாது, அது இயக்கமே என்பது அவர் முடிவு. 1798இல் இலண்டன் ராயல் கழகத்தில் இக்கட்டுரை வாசிக்கப்பட்டது. பலர் உடனே ஏற்கவில்லை.

எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்ற கணக்கை அவர் முடிக்கவில்லை. அதை முடித்தவர் ஜூல். ஓர் இராத்தல் தண்ணீரை ஒரு பாரன்ஹீட் பாகை சூடாக்க 772 அடி-இராத்தல் வேலை தேவை என்று 1850இல் அவர் அறிவித்தார். ரம்ஃபோர்டின் சோதனையிலிருந்து கணக்கிட்டபோது 1034 வந்தது. பெட்டி வாங்கிய வெப்பமும் காற்றில் போனதும் அதில் சேரவில்லை. இன்று வண்டியின் பிரேக் எவ்வளவு சூடேறும், எவ்வளவு தேயும் என்று பொறியாளர்கள் கணினியிலேயே பார்க்கிறார்கள். உராய்வு விசையைச் சறுக்கிய தொலைவால் பெருக்கினால் வருகிற வேலை, பெரும்பாலும் வெப்பமாகிறது. அழுத்தமும் தொலைவும் கூடத் தேய்மானமும் கூடும், பொருள் கடினமானால் குறையும் என்பது ஆர்ச்சர்டு என்பவர் 1953இல் தந்த விதி.

1799இல் இலண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் தோன்ற ரம்ஃபோர்டு முன்நின்றார். 1805இல் லவாய்சியரின் விதவையை மணந்தார். கலோரிக் என்று பெயர் பரப்பிய அதே லவாய்சியர்தான்! அம்மணம் நிலைக்கவில்லை. ஒரு சண்டையில் அந்த அம்மையார் இவருடைய பூச்செடிகளில் வெந்நீரை ஊற்றிவிட்டாராம். நான்கு ஆண்டுகளில் பிரிந்தனர்.

1814ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், பாரிஸை அடுத்த ஓத்தேய் என்னும் ஊரில் ரம்ஃபோர்டு காலமானார். சிறுவயதில் நடந்துபோய்ப் பாடம் கேட்ட ஹார்வர்டுக்கு, ஒரு பேராசிரியர் பதவி அமையப் பணம் எழுதி வைத்திருந்தார்.